லூர்துவின் குரலுக்கு ஒரு வழி

“டீச்சர், இந்த டேப்லெட்டுக்கு ஒரே ஓட்டைதான் இருக்கு. நான் என்ன செய்யட்டும்?”

கேட்டவர் மங்கையர்க்கரசி. வயது அறுபத்தாறு. கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் ரெஹானாவுக்கு வயது இருபத்தொன்பது. நூலக மாடியில் பெரியவர்களுக்கு டேப்லெட் சொல்லிக்கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார்.

“என்னென்ன மாட்டணும்?”

மங்கை பையைத் திறந்து மேஜையில் வைத்தார். ஹெட்செட். சார்ஜர். பென்டிரைவ்.

“இதுல எது இல்லாம முடியும்?”

மங்கை யோசித்தார்.

“ஹெட்செட் இல்லாட்டி எனக்குக் காது கேக்காது. சார்ஜர் இல்லாட்டி கால் மணி நேரத்துல அணைஞ்சிடும், பழைய பாட்டரி. டேப்லெட்டுல இடமில்ல, பென்டிரைவ் இருந்தாத்தான் பேசுறதைப் பதிய முடியும்.”

“யார் பேசுறதை?”

“லூர்து மேரி. எக்ஸ்சேஞ்சில பக்கத்து நாற்காலி. இப்ப கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில இருக்கா. திங்கட்கிழமை தொண்டையில ஆபரேஷன்.”

பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

“அதுக்கப்புறம் குரல் இருக்காதாம். ‘ஞாயித்துக்கிழமை கூப்பிடு, என் குரலை எடுத்து வச்சுக்கோ’ன்னு அவளே சொன்னா.”

அன்று வெள்ளிக்கிழமை.

ரெஹானா அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ‘ஹப்’ என்ற ஒரு இணைப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் குட்டையாய் ஒரு வயர். மறுபக்கம் மூன்று துளைகள்.

“வீட்டுல மாட்டிப் பாருங்க.”

அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நூலகம் திறக்கும் முன்பே மங்கை படியில் நின்றார்.

“முன்னைக்கு இப்ப மோசம் டீச்சர். ஹெட்செட் வேலை செய்யுது, பென்டிரைவ் வேலை செய்யுது. ஆனா பத்தே நிமிஷத்துல அணைஞ்சிடுது.”

“சார்ஜரை எங்க மாட்டினீங்க?”

“டேப்லெட்டுல இருந்த ஒரே ஓட்டையில உங்க ஹப்பு உட்கார்ந்துடுச்சே! சார்ஜருக்கு ஏது இடம்?”

ரெஹானா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்க எக்ஸ்சேஞ்சு எப்படி இருக்கும்மா?”

“நாளைக்குப் பேசணும். இப்பப் போய்க் கதை கேக்குறீங்களே!”

ரெஹானா நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினார்.

மங்கை உட்கார்ந்தார்.

“மர போர்டு. ஆள் உயரம். இருநூறு ஓட்டை. விளக்கு எரிஞ்சா வயரை எடுத்துச் செருகணும். எனக்கு இடது கைப் பழக்கம், சூப்பர்வைசர் திட்டிக்கிட்டே இருப்பார். நான் சாப்பிடப் போனா லூர்து ரெண்டு போர்டையும் பார்த்துக்குவா. அவ குரலுக்குன்னே ஜவுளிக்கடை முதலாளி ஒருத்தர் மறுபடி மறுபடி மூணு நிமிஷ மெட்ராஸ் கால் புக் பண்ணுவார். நாங்க சிரிக்காம இருக்கக் கர்சீப்பைக் கடிச்சுக்குவோம்.”

அவர் கண்கள் ஜன்னலில் இருந்தன. விரல்கள் மேஜையில் எதையோ எடுத்துச் செருகின.

“வீட்டு போனுக்குக் கரண்ட் யார் கொடுப்பா?” என்றார் ரெஹானா.

“நாங்கதான். ஊரே இருட்டாக் கிடந்தாலும் போன் பேசுமே! கீழே பாட்டரி ரூம் இருந்துச்சு. அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போகும்.”

“அத்தனை பேர் பேசினா பாட்டரி தீர்ந்துடாதா?”

“எப்படித் தீரும்? ஒரு பக்கம் இறங்க இறங்க மறு பக்கம் ஏறிக்கிட்டே...”

மங்கை நிறுத்தினார்.

ஹப்பை எடுத்துத் திருப்பினார். ஒன்றில் ஹெட்செட். ஒன்றில் பென்டிரைவ். மூன்றாவது துளை காலியாக இருந்தது.

“இது இன்னொரு சாமான் மாட்டுறதுக்குன்னு நினைச்சேன்.”

ரெஹானா சுவரில் இருந்த பிளக்கைக் கை காட்டினார்.

மங்கை பையிலிருந்து சார்ஜரை எடுத்தார். சுவரில் ஒரு முனை, மூன்றாவது துளையில் ஒரு முனை. டேப்லெட்டின் ஓரத்தில் சின்ன மின்னல் குறி வந்தது. ஹெட்செட் அணையவில்லை. பென்டிரைவும் அப்படியே இருந்தது.

மங்கை எழுந்து நின்று கும்பிட்டார்.

“எனக்கு எதுக்கும்மா?” என்றார் ரெஹானா. “நான் ஒண்ணும் சொல்லலையே.”

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு லூர்து திரையில் வந்தார். கழுத்தில் சால்வை. முடி முழுக்க நரைத்திருந்தது.

குரல் மட்டும் அதே குரல்.

ஜவுளிக்கடைக்காரரைப் பற்றிப் பேசினார்கள். சம்பளத்தில் வாங்கிய முதல் சைக்கிளைப் பற்றி. இறந்துபோனவர்களைப் பற்றி. லூர்து ஒரு முறை அழுதார். பிறகு திங்கட்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கால் மணி கடந்தது. அரை மணி கடந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஆனபோது பேச்சு தானாக நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லூர்து தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருடத்துக்கு முன் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டவர்கள் எல்லாரிடமும் கேட்ட அதே மிடுக்கில் கேட்டார்:

“மூணு நிமிஷம் முடிஞ்சிடுச்சு. இன்னும் பேசணுங்களா?”

மங்கை வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டவர். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

“பேசணுங்க,” என்றார்.