கயிற்றில் கட்டிய கடிகாரம்

"மாஸ்டர், எந்த வாட்சு வாங்கலாம்?"

கேட்டவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் குலசேகரன். விழுப்புரத்தில் மின்சாரத் துறை இன்ஜினியர்.

மாஸ்டருக்கு வயது இருபத்தொன்பது. பெயர் தமயந்தி. புதுச்சேரித் துறைமுகத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறாள்.

அவள் ரப்பர் உடைகளை அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாருக்கு?" என்றாள்.

"எங்களுக்குத்தான் மாஸ்டர்."

அவள் அடுத்த உடையை எடுத்து அலசினாள்.

குலசேகரன் பக்கத்தில் நின்ற மனைவி மங்கையர்க்கரசியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள்.

வாட்ச் என்று சொன்னாலும் அது வெறும் வாட்ச் இல்லை. டைவ் கம்ப்யூட்டர். கையில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினால், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரும். அது சொன்னதை மீறிவிட்டு மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருக்கும் காற்று, குலுக்கித் திறந்த சோடா மாதிரி பொங்கும். மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். கை கால் விளங்காமல் போனவர்களும் உண்டு.

இதுவரை அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. மாஸ்டர் கையில் வாட்ச் இருந்தது. மாஸ்டர் கட்டைவிரலை உயர்த்தினால் ஏறுவார்கள்.

ஆனால் இப்போது சுவருக்குப் போகப் போகிறார்கள்.

சுவர் என்பது கடலுக்கடியில் ஒரு பாறைச் செங்குத்து. முப்பது மீட்டர் ஆழம். தண்ணீர் தெளிந்து அது முழுசாகக் கண்ணுக்குத் தெரிவது வருடத்தில் பத்து நாள் இருந்தால் அதிகம். குலசேகரன் இரண்டு வருடமாக அதன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, ஆபீசில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் காட்டியிருக்கிறான்.

"சுவருக்கு வாட்சு இல்லாம யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல" என்று மாஸ்டர் சொல்லியிருந்தாள். இந்த வருடம் நாளும் குறித்தாகிவிட்டது. அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு. அதை விட்டால் மறு வருடம்தான்.

குலசேகரனுக்குக் கால் தரையில் இல்லை.

*

விடிந்தால் வீடியோ, சாப்பிட்டால் வீடியோ. டைவ் கம்ப்யூட்டரைப் பற்றி இந்த உலகத்தில் இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. ஒருவர் விடாமல் எல்லோர் பேச்சையும் கேட்டான்.

ஒன்று பேட்டரி போட்டது. தீர்ந்தால் கழற்றி மாற்ற வேண்டும். மாற்றும்போது மூடி சரியாக உட்காராவிட்டால் உள்ளே தண்ணீர்.

இன்னொன்று சார்ஜ் போடுவது. மறந்தால் போச்சு. குலசேகரன் போனுக்கே மறக்கிற ஆள்.

மூன்றாவது சோலார். வெயில் பட்டால் போதும்.

அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"மங்கை, வெயில்லயே ஓடுதாம்."

மங்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விழுப்புரத்து வெயிலுக்கு இது செத்தாலும் சாகாது. நம்மள பொதச்ச பிறகும் ஓடும்" என்றான்.

"காலங்காத்தால நல்ல பேச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

வாட்ச் வந்து இறங்கிய அன்று அவன் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனான். வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தான். ஆழம் காட்டவில்லை. குளியலறைத் தொட்டியில் பார்த்தான். அதற்கும் மசியவில்லை. சாயங்காலம், கூட வேலை பார்க்கிறவரின் பம்புசெட் கிணற்றுக்குப் போய், பேண்டைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கி, முங்கினான். 1.8 மீட்டர் என்று காட்டியது. கிணற்றுக்குள்ளிருந்து அவன் போட்ட கூச்சலில், கயிறு தேடி இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

மறுநாள் காலை அதை மாடியில், காய்கிற வடகத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் அது ஹாலில் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

"யார் எடுத்தது?"

"நான்தான். நேர் வெயில்ல வைக்கக் கூடாதாம், சூடேறிடுமாம். ஜன்னல் வெளிச்சம் போதுமாம்."

"யாரு சொன்னா?"

"பொட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சே."

மங்கை அரசு மருத்துவமனையில் பார்மசிஸ்ட். மாத்திரை அட்டையோடு வரும் தாளை, அந்தப் பொடி எழுத்தை, கடைசி வரி வரைக்கும் படிக்கிற பிறவி. குலசேகரன் நாற்பத்தேழு வீடியோ பார்த்திருந்தான். அப்படி ஒரு தாள் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு தினமும் அவள்தான் அதை ஜன்னலில் வைத்து எடுத்தாள்.

*

சுவருக்கு மூன்று நாள் இருக்கும்போது மாஸ்டர் கூப்பிட்டாள். வியாழக்கிழமை, அரசு விடுமுறை. "பக்கத்துப் பாறைக்கு ஒரு தடவ எறங்கிப் பாத்துடுவோம். பதினெட்டு மீட்டர்தான். அப்புறம் ஞாயித்துக்கிழமை பத்தி சொல்றேன்."

சொல்கிறேன் என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். குலசேகரனுக்கு அது காதில் ஏறவில்லை.

விடியற்காலை துறைமுக வாசலில் டீக்கடை. குலசேகரன் இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டு டீ. சக்கர இல்லாம."

டாக்டர் அவனுக்குச் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை. மங்கை கிளாஸை வாங்கிக் குடித்தாள்.

கொட்டகையில் மாஸ்டர் காற்று சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தாள். குலசேகரன் கையை நீட்டினான். கருப்புப் பட்டை, பெரிய எண்கள், ஓரத்தில் வெயில் குடிக்கிற வளையம்.

மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல வாட்சு" என்றாள்.

குலசேகரனுக்கு ஜன்ம சாபல்யம் ஆகிவிட்டது.

"யாருக்கு?" என்றாள்.

மறுபடியும் அதே கேள்வி.

மங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குலசேகரன் முந்திக்கொண்டான்.

"ரெண்டு பேருக்கும்தான் மாஸ்டர். நாங்க எப்பவும் ஒண்ணாத்தானே எறங்குறோம். இவ எங்கயோ அங்கதான் நான். ஒரு வாட்சு பாத்தா ரெண்டு பேருக்கும் ஆச்சு."

இதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. பாசம்தான். இருபத்தாறு வருடமாக ஒரே ஸ்கூட்டர், ஒரே டிபன் கேரியர், சினிமாவுக்குப் போனால் ஒரே பாப்கார்ன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமையே இருந்தது.

மாஸ்டர் உள்ளங்கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடுங்க சார்."

கொடுத்தான்.

*

படகு நின்ற இடத்தில் மாஸ்டர் ஒரு கயிற்றில் ஈயக்கட்டி கோத்துக் கடலில் இறக்கினாள். இறக்குவதற்கு முன்னால், ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் போகிற இடத்தில் வாட்ச்சைக் கட்டினாள்.

"மாஸ்டர், அது..."

"வாங்க, எறங்குவோம்."

குதித்தார்கள்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. இப்படி ஒரு தெளிவை அவன் பார்த்ததே இல்லை. இறங்க இறங்க பாறை தானாக மேலே எழுந்து வந்தது. பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பார்த்தான். வெறும் கை. கொஞ்சம் கோபம் வந்தது.

அப்போது சீலா மீன் கூட்டம் வந்தது. நூறா, இருநூறா, எண்ண முடியவில்லை. எல்லாம் கை நீளம், எல்லாம் வெள்ளி. அவனைச் சுற்றி வட்டம் போட்டன. அவன் நடுவில் மிதந்தான். வாயில் குழாய் இல்லாவிட்டால் பாடியிருப்பான். ஆபீஸ், மீட்டர், புகார், மேலதிகாரி எதுவும் ஞாபகத்தில் இல்லை.

கோபமும் ஞாபகத்தில் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியாது. மாஸ்டர் கீழிருந்து வந்து கட்டைவிரலை உயர்த்தினாள். பக்கத்தில் மங்கை இருந்தாள். மூவரும் மெதுவாக ஏறினார்கள்.

ரத்தத்தில் கரைந்த காற்று மெல்ல வெளியேற, கயிற்றுப் பக்கம் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றார்கள். வாட்ச் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. குலசேகரன் அதை அவிழ்த்துக் கையில் கட்டிக்கொண்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு சீரானது.

*

படகில் ஏறியதும் மாஸ்டர் கேட்டாள்.

"வாட்சு என்ன சார் சொல்லுது?"

குலசேகரன் பார்த்தான். "நாப்பத்தொரு நிமிஷம். ஆழம் அஞ்சு மீட்டர்."

"சரியாத்தானே சொல்லுது?"

"கயித்துக்குச் சரி மாஸ்டர். நான் கீழ இருந்தேனே."

"சரி. நீங்க எவ்வளவு ஆழத்துல இருந்தீங்க?"

"பதினெட்டு இருக்கும்."

மாஸ்டர் தன் கையைப் பார்த்தாள். "நீங்க மீனப் பாத்துக்கிட்டு நின்ன எடம் பன்னெண்டு."

"சரி, பன்னெண்டு."

"அக்கா எங்க இருந்தாங்க?"

"என் பக்கத்துல" என்றான் குலசேகரன். யோசிக்கவே இல்லை.

மங்கை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கீழ இருந்தேங்க" என்றாள். "பாறைக்கு அடியில ஒரு களவா மீன். இவ்ளோ பெருசு. வாயத் தொறந்துகிட்டு இருக்கு, ஒரு குட்டி எறா உள்ள போய் பல்லு தேச்சு விடுது. அத விட்டு வர மனசே வரல."

"பதினெட்டு" என்றாள் மாஸ்டர். "இருபது நிமிஷம். நான் அவங்க கூடத்தான் இருந்தேன்."

குலசேகரன் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு மீட்டர். இரண்டு மாடி உயரம். இருபது நிமிடம் அவள் அங்கே இருந்திருக்கிறாள். அவன் தலையைக் கூடத் திருப்பவில்லை.

சுவரில் அவன் இருபத்துநான்கில் நின்றிருப்பான். இன்னும் நேரம் இருக்கிறது என்று வாட்ச் சொல்லியிருக்கும். சிரித்துக்கொண்டு நின்றிருப்பான். ஆறு மீட்டர் கீழே அவளுக்கு நேரம் தீர்ந்திருக்கும்.

வெயில் முதுகைச் சுட்டது. அவனுக்குக் குளிரெடுத்தது.

மாஸ்டர் கயிற்றைச் சுருட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"ஒரு வாட்சு" என்றாள் மாஸ்டர். "ஒரு ஆள் வரலாம்."

இரண்டு வருடப் படம் போனில் இருந்தது. சுவர் மூன்று நாள் தூரத்தில் இருந்தது. குலசேகரன் வாட்ச்சைக் கழற்றி மங்கையின் பக்கம் நீட்டினான்.

"நீ போய்ட்டு வா."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

மங்கை வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணு ஆர்டர் போட்டாச்சுங்க. நாளைக்கு வந்துடும்."

"என்னது?"

"அந்தத் தாள்ல மூணாவது வரியே அதானே. ஒருத்தருக்கு ஒண்ணு, மத்தவங்களோட சேந்து பாக்கக் கூடாதுன்னு. நான் அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"சாப்பிடும்போது. நீங்க கெணத்துல முங்கின கதையச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

மாஸ்டர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

குலசேகரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உனக்கும் சோலார்தானே?"

"இல்ல. பேட்டரி."

"ஐயோ, ஏன்? நான் அவ்வளவு பாத்து..."

"நம்ம வீட்டுல வெயில் வர்ற ஜன்னல் ஒண்ணுதான். அதுல உங்க வாட்சு இருக்கு."

படகு கரையை நோக்கித் திரும்பியது.

"ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணி" என்றாள் மாஸ்டர். "ரெண்டு பேரும்."

*

துறைமுக வாசலில் குலசேகரன் முன்னால் நடந்தான். நடந்தான் என்பது தப்பு, ஓடினான். ஞாயிற்றுக்கிழமை அவன் உடம்பெல்லாம் பரவியிருந்தது. டீக்கடையைப் பார்த்ததும் பழக்கத்தில் இரண்டு விரல் தூக்கினான்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

திரும்பி மங்கையைப் பார்த்தான். ஒன்பது வருடம். அவனுக்கு முகம் சிவந்தது. உடனே மலர்ந்தது. கண்டுபிடித்துவிட்டான்.

"ரெண்டு டீ" என்றான், கடைத்தெருவுக்கே கேட்கிற குரலில். "ஒண்ணு சக்கர இல்லாம. ஒண்ணுல நல்லா தூக்கலா சக்கர போட்டு."

பெருமையாக மறுபடி திரும்பினான்.

"எனக்கு டீயே புடிக்காதுங்க" என்றாள் மங்கை.

கடைக்காரர் வடிகட்டியைத் தூக்கியபடி நின்றார். குலசேகரனும் நின்றான்.

பிறகு அவன் கேட்டான். மெதுவாக, ஒரு புது ஆளிடம் கேட்கிற மாதிரி.

"உனக்கு என்ன வேணும்?"

"காபி" என்றாள். "சக்கர வேணாம்."