இசப்புகோல் தண்ணீர் கேட்ட கதை

அந்தக் காலத்தில் விதைகளுக்கும் வாய் இருந்தது. ஒட்டகங்களுக்கோ வாய் கொஞ்சம் நீளம். மணற்காட்டில் செங்கழுத்தி என்றொரு தாய் ஒட்டகம் இருந்தாள். "தண்ணீரைத் தேடி ஓடுவது கழுதைகளின் பிழைப்பு. எனக்கெதற்கு?" என்பாள். அந்தக் கோடை முழுக்கக் காய்ந்த வன்னி நெற்றுகளாகவே தின்றாள். கிணற்றடிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வயிறு கல்லாகிவிட்டது. உள்ளே போனது வெளியே வரமாட்டேன் என்றது. வலியையாவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பால் வற்றியபோதுதான் பயந்துபோனாள். பச்சைக் கன்று வெறும் மடியை முட்டி முட்டி ஓய்ந்தது.

ஆமணக்கு விதை வந்து பார்த்தது. "நான் இறங்கினால் அடைப்பு போகும் தாயே, உன் தெம்பும் கூடவே போகும். அப்புறம் பாலுக்கு எங்கே போவாய்?" என்று விலகிக்கொண்டது.

காலடியில் இசப்புகோல் செடி நின்றது. அதன் விதையில் எள்ளின் எண்ணெயும் இல்லை, சீரகத்தின் மணமும் இல்லை. அதை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

"நான் போய்ப் பார்க்கிறேன் அக்கா. ஆனால் நீ தண்ணீர் குடிக்க வேண்டும்," என்றது விதை.

"ஒட்டகத்துக்கே தண்ணீர்ப் பாடமா?"

செங்கழுத்தி ஒரு வாய் விதையை வெறுமனே விழுங்கினாள். அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கியது. எதிரே கன்று கால் மடங்கிச் சரிந்தது.

அதற்குமேல் வீம்பு எங்கே நிற்கும்? கிணற்றடித் தொட்டிக்கு ஓடினாள்.

"வாங்கம்மா, இன்றைக்குத்தான் வழி தெரிந்ததா?" என்று கேட்டது ஒரு கழுதை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தைத் தொட்டிக்குள் விட்டு, அடி தெரியும்வரை குடித்தாள்.

விதையும் குடித்தது. தாளமுடியாத அளவுக்குக் குடித்துக் கொழகொழவென்று ஊதிப்போனது. வழுக்கிக்கொண்டே குடலில் இறங்கி, இறுகிக் கிடந்ததையெல்லாம் அணைத்துக்கொண்டு மறுநாள் காலை வெளியே வந்தது. மடி சுரந்தது. கன்று எழுந்து குடித்தது.

"உனக்கு என்ன கைம்மாறு செய்ய?" என்று கேட்டாள் செங்கழுத்தி.

"என் பழைய உடம்பு இனி வராது அக்கா. போகட்டும். என் பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிடுகிறவர்கள் தண்ணீரோடு கூப்பிடட்டும், அது போதும்."

அன்று முதல்தான் இசப்புகோல் தண்ணீரைக் கண்டதும் கொழகொழத்துப் பொங்குகிறது. நாமும் ஒரு கரண்டி விதைக்குப் பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கிறோம். கொடுக்காதவரை அது விடுவதில்லை, தொண்டையிலேயே உட்கார்ந்து கேட்கும்.