பச்சோந்தி பிடித்த தூண்

அந்தக் காலத்தில் பச்சோந்திக்குப் பேச்சு இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வாய் ஓயாத பேச்சு. நடையும் நேர் நடைதான். கிளையில் விறுவிறுவென்று போகும், வரும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வீரணன் என்ற ஆசாரி மரம் கடைந்து பிழைத்து வந்தார். அவருடைய கடைசல் பட்டறை ரொம்பச் சாதாரணமானது. இரண்டு குட்டைத் தூண்கள், அவற்றுக்கு நடுவே மரக்கட்டை. கட்டையில் கயிற்றைச் சுற்றி, அவர் மனைவி சிட்டம்மா இரண்டு கையாலும் மாறி மாறி இழுப்பாள். கட்டை சுழலும். வீரணன் உளியை வைப்பார். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உளி மரத்தில் இருக்கும்போது, உளி பிடித்தவர் சொல்லாமல் கயிறு பிடித்தவர் கையை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் உளி மரத்தைக் கடித்துவிடும். அந்தத் தழும்பை எதைக்கொண்டு தேய்த்தாலும் போகாது.

ஊர்த் தலைவர் வீட்டில் பிள்ளை பிறக்கவிருந்தது. "தொட்டில் கால்கள் வெறும் உருண்டையாக இருக்கக் கூடாது. தாமரை மொட்டுபோல இதழ் இதழாக வர வேண்டும். முடியாதென்றால் ஊரை விட்டுப் போய்விடு" என்று தலைவர் ஆள் அனுப்பிவிட்டார்.

சுழலுகிற மரத்தைக் கடைந்தால் உருண்டையாகத்தானே வரும்? இதழ் எங்கிருந்து வரும்? வீரணன் சோறு இறங்காமல் யோசித்தார். பிறகு பட்டறையையே மாற்றினார். ஒரு தூணின் அடியைத் தளர்த்தி, அது முன்னும் பின்னும் ஆடும்படி செய்தார். கட்டையின் முனையில், விளிம்பெல்லாம் இதழாக வெட்டிய ஒரு சக்கரத்தை மாட்டினார். சக்கரத்தை ஒட்டி அசையாத முளை ஒன்றை அடித்தார். சக்கரம் சுழலும்போது இதழின் மேடு முளையில் இடித்துத் தூணைத் தள்ளும். பள்ளம் வரும்போது தூண் திரும்பி வர வேண்டும். மரமும் அதோடு சேர்ந்து ஆடும். அசையாத உளி, ஆடும் மரத்தில் இதழ் வெட்டும்.

"நேராக நின்ற தூணைக் கெடுத்தாயிற்றா?" என்றாள் சிட்டம்மா. "அப்படியே வீட்டுத் தூணையும் தளர்த்திவிடுங்கள். ஆடிக்கொண்டே தூங்கலாம்."

"வாயை மூடிக்கொண்டு இழு."

ஆனால் போன தூணைத் திருப்பி இழுக்க ஒன்றும் சரியாக அமையவில்லை. மூங்கில் வில் கட்டினார், முறிந்தது. கல்லைத் தொங்கவிட்டார், அது வெடுக்கென்று இழுத்து மரத்தைப் பிளந்தது. இருந்த கட்டைகளெல்லாம் வீணாகின. வேறு கட்டைக்காக ஒரு வெட்பாலை மரத்தில் கோடரியை ஓங்கினார்.

"ஆசாரி! ஆசாரி! பொறு!" என்று மேலே இருந்து சத்தம். வயிறு புடைத்த பச்சோந்தி ஒன்று. "கண் தெரியவில்லையா உனக்கு? முட்டைக்காரி நான். குடியிருக்கிற வீட்டை வெட்டினால் எங்கே போவேன்?"

வீரணன் அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். கிளைதான் வளைந்து வந்தது, பிடி விடவில்லை. வீரணன் அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுக்கி மாதிரி இரண்டாகப் பிளந்த கால்கள்.

"ஒரு கிளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். "தொட்டிலுக்கு நாலு கால் கடைந்து முடிக்கும்வரை என் தூணைப் பிடித்துத் தா. நடுவில் விட்டாயானால் மரத்தை வெட்டுவேன்."

"வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் வேலை வாங்குகிறாயே, நீயெல்லாம் மனுஷனா?" என்றது பச்சோந்தி. ஆனாலும் வந்தது. வராமல் என்ன செய்யும்?

அதன் பின்னங்கால்கள் பக்கத்தில் நட்ட ஒரு கம்பத்தை, முன்னங்கால்கள் ஆடும் தூணைப் பிடித்தன. சக்கரம் தூணைத் தள்ளும், அதன் உடம்பு நீளும். பிறகு அது இழுக்கும். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். வலியை மறக்க அது ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது. சிட்டம்மாவும் பதில் பேசினாள். தொட்டிலின் மூன்று கால்கள் முடிந்தன.

நாலாவது காலில் கடைசி இதழ் வரிசை. உளி மரத்தில் இருந்தது.

"ஆசாரி, எனக்கு வந்துவிட்டது. இறங்க வேண்டும். முட்டையிட மண் தோண்ட வேண்டும்."

"இதோ ஆயிற்று."

"ஆகவில்லை. சும்மா சொல்கிறாய். அக்கா, நீ பெற்றவள்தானே? நீயாவது நிறுத்து!"

சிட்டம்மாவுக்குத் தெரியும், அந்தக் குரல் எந்த நேரத்தில் வரும் என்று. அவள் கணவனின் வாயைப் பார்த்தாள். அந்த வாய் திறக்கவில்லை. அவள் கைகள் இழுத்துக்கொண்டே இருந்தன.

பிடியை விட்டால் குடியிருக்கிற மரம் போகும். விடாவிட்டால் முட்டை போகும். பச்சோந்தி கத்தியது. கயிறு கிறீச்சிட்டதில் அந்தச் சத்தம் பாதிதான் கேட்டது. முட்டைகள் ஒவ்வொன்றாக நழுவி, ஆடும் தூணின் அடியில் இருந்த இடுக்கில் விழுந்தன. தூண் முன்னே போனது, பின்னே வந்தது. கத்தல் நின்றது. கயிறு நிற்கவில்லை.

"போதும், நிறுத்து" என்றார் வீரணன்.

கால் அழகாகத்தான் வந்திருந்தது. இதழ்மேல் இதழாக, ஒரு தழும்பு இல்லாமல்.

சிட்டம்மா குனிந்து தூணின் அடியைப் பார்த்தாள். மரத்தூளில் ஈரம். நசுங்கிய வெள்ளைத் தோல்கள்.

"விட்டுவிடு தாயி. முடிந்துவிட்டது" என்றாள். அது விடவில்லை. "ஏதாவது சொல். என்னைத் திட்டவாவது செய்." அது வாயை அகலமாகத் திறந்தது. பேச்சு ஒன்றும் வரவில்லை. சிட்டம்மா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, முந்தானையில் ஏந்திக்கொண்டுபோய் வெட்பாலையில் விட்டாள். அது ஒரு காலை எடுத்தது. முன்னே ஆடியது, பின்னே ஆடியது, மறுபடி முன்னே ஆடியது. பிறகுதான் காலை வைத்தது.

வீரணன் அந்த மரத்தை வெட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அதனால் யாருக்கு என்ன?

அன்றைக்குப் பிடித்த ஆட்டம்தான், இன்றும் பச்சோந்தி ஓர் அடி வைக்க முன்னும் பின்னும் ஆடுகிறது. நாம் பக்கத்தில் போனால் வாயை அகலத் திறக்கிறது. கடிக்க வருகிறது என்று நாம் பயந்து விலகுகிறோம்.