மூன்று கதவும் ஒரு பாஸ் பெட்டியும்

கல்லாங்காட்டுப்புதூரில் மைக்செட் வைத்திருந்தவன் நாச்சிமுத்து. அவனிடம் வேலை பார்த்த ஆறுச்சாமியும் பொங்கியண்ணனும் அவனுக்குச் சளைத்தவர்கள் இல்லை. மூன்று பேரையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு ஆளுக்கு வேண்டிய புத்தி தேறாது. ஆனாலும் நாச்சிமுத்துவுக்கு ஆசை மட்டும் பெரிசு. மாமன் மகள் மயிலாத்தாளைக் கட்ட வேண்டும்.

மாமன் ராக்கியண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: "மாரியம்மன் நோம்பிக்கு நீ பாட்டுப் போடு. என்ற நெஞ்சு அதிரோணும். அதிர்ந்தா பொண்ணு உனக்கு. இல்லீன்னா பெருந்துறை மாப்பிள்ளைக்கு."

வெட்டவெளியில் நாச்சிமுத்துவின் பாஸ் பெட்டி, அதாவது அடிச்சத்தப் பெட்டி, கொசு மாதிரிதான் முனகும். ஈரோட்டு ஸ்பீக்கர் கடைக்காரரிடம் போய் அழாத குறையாகக் கேட்டான்.

"வெட்டவெளியில வெச்சா அடிச்சத்தம் நாலா பக்கமும் சிதறிப்போயிரும் தம்பி. ரெண்டு சுவர் கூடற மூலையில, தரையோட தரையா வெய்யுங்க. கும்முனு வரும்," என்றார் அவர்.

கோயில் மைதானத்தில் சுவர் ஏது? மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மைதானத்துக்கும் நாலு மூலை இருக்குதுங்களே," என்றான் ஆறுச்சாமி. "கனமான சாமானுக்குக் கன்னி மூலைதான் வாஸ்து."

"பாட்டுப் போட்டா பெட்டி சூடாகுது. அப்ப அக்கினி மூலைதானுங்க," என்றான் பொங்கியண்ணன்.

ரெண்டு மூலைக்கும் மாறி மாறித் தூக்கியதில் முதுகுதான் கும்மென்று வலித்தது. பிறகுதான் சுவர் ஞாபகம் வந்தது நாச்சிமுத்துவுக்கு.

"சுவத்தத் தூக்கியார முடியாது. கதவத் தூக்கலாம்," என்றான்.

"கேக்காம அடுத்தவங்க வீட்டுல கழட்டுனா தப்புங்களே?" என்றான் ஆறுச்சாமி.

"அடுத்தவங்க எதுக்கு? மாமன் வீடு இருக்குதில்ல? அங்க எனக்கு உரிமை உண்டு."

மாமன் குடும்பமே கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. முன்கதவையும் பின்கதவையும் கழற்றி வந்து, மூலையாக நிறுத்தி, நடுவில் பெட்டியை வைத்தார்கள். சத்தம் நிஜமாகவே கும்மென்று வந்தது! நாச்சிமுத்துவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பொங்கியண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தான். "முன்பக்கம் தொறந்து கிடக்குதுங்களே. அது வழியா சிதறாதுங்களா?"

அடடா, எவ்வளவு பெரிய பிழை! ஓடிப்போய்ச் சமையலறைக் கதவையும் கழற்றி வந்து, பெட்டியின் முகத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கினார்கள். சத்தம் அடங்கியது.

"ஒரு பொட்டுகூடச் சிதறலீங்க," என்றான் பொங்கியண்ணன், பெருமையாக.

அப்போதுதான் ராக்கியண்ணன் வந்து சேர்ந்தார். நெஞ்சில் கையை வைத்து நின்றார். ஒன்றுமில்லை. நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். போச்சு, மயிலாத்தா பெருந்துறைக்குப் போச்சு!

மாமன் தற்செயலாகக் கதவைப் பார்த்தார். மஞ்சள் பூசிய நிலைக்கதவு. அவருடைய பேரே எழுதியிருந்தது.

"அடப்பாவிகளா! என்ற வூட்டுக் கதவுடா!" கத்திய கத்தலில் மீசை துடித்தது, தோள் குலுங்கியது.

"மாமா, அசையாதீங்க! நெஞ்சத் தொட்டுப் பாருங்க!" என்று அலறினான் நாச்சிமுத்து.

ராக்கியண்ணன் தொட்டுப் பார்த்தார். கோபம் சட்டென்று நின்றது. சொன்ன சொல் தவறாத மனுஷன்.

"அதிருதுடா மாப்ள. பொண்ணு உனக்குத்தான்," என்றவர், இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "பாஸ் சரியாத்தான் இருக்குது. ட்ரெபிள்தான், அந்தக் கீச்சுச் சத்தந்தான், கொஞ்சம் கம்மி."

நெய் எடுக்க வீட்டுக்குப் போயிருந்த அத்தை, கதவில்லாத அடுப்படிக்குள் புகுந்திருந்த நாலு ஆட்டைப் பார்த்துவிட்டு வீல் என்று போட்ட கூச்சல் மைதானம் வரைக்கும் கேட்டது.

"இப்ப போதுங்களா மாமா?" என்றான் நாச்சிமுத்து.