ரெண்டு அங்குலம் இறங்கிய மாப்பிள்ளை கார்

நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய்யானாலும் இந்த வாயில் மிச்சமிருக்கிற மூணு பல்லும் இப்பவே கொட்டட்டும். சத்தியம், சத்தியம், சத்தியம்!

பொள்ளாச்சிப் பக்கம் சென்னியப்பன், ஆறுக்குட்டி, மயில்சாமி என்று மூன்று மெக்கானிக்குகள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் கோளாறு.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை சிவசண்முகம் தன் தாத்தா காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். ரெண்டே சீட்டு.

"முன்னால ஷாக் அப்சார்பர் ரெண்டையும் கழட்டி, சீல் மாத்தி, புது ஆயில் ஊத்துங்கண்ணா. வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குது, முன்பக்கம் சரியா ரெண்டு அங்குலம் இறங்கணும். ஆனா ஸ்பிரிங் சீமைச் சாமான், அதை வெட்டக் கூடாது. எகிறிடும், நான் வர்ற வரைக்கும் அமுக்குன கையை எடுத்துடாதீங்க. புதன்கிழமை ஒன்பது மணிக்குள்ள இந்த வண்டியில நான் மண்டபம் போயாகணும். முகூர்த்தம் தப்பினா பொண்ணு இல்லைன்னுட்டார் மாமனார்."

அவன் வர ரெண்டு நாள் ஆனது. அதுவரை ஒரு ஸ்பிரிங்கை ஆறுக்குட்டியும் இன்னொன்றை மயில்சாமியும் கட்டிப்பிடித்து அமுக்கியபடி கிடந்தார்கள். சென்னியப்பன்தான் சோறு ஊட்டினான்.

"ஐயோ, விடுங்கண்ணா!" என்றான் மாப்பிள்ளை.

விட்டார்கள். இருவரையும் தகரக் கூரையிலிருந்து இறக்க ஏணி தேவைப்பட்டது.

சீல் மாற்றி, ஆயில் ஊற்றி, எல்லாம் மாட்டியாயிற்று. வண்டி மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. மூவரும் வட்டமாகக் குந்தி யோசித்தார்கள்.

"ஏப்பா, வண்டி உசரமா, தரை உசரமா?" என்றான் மயில்சாமி.

"வண்டி கம்பெனிக்காரன் செஞ்சது, தப்பா இருக்காது. தரைதான் உசரம்" என்றான் சென்னியப்பன்.

மாப்பிள்ளையை ஏற்றி உட்காரவைத்து, முன்சக்கரங்களுக்கு அடியில் ரெண்டு அங்குலம் தோண்டினார்கள். கச்சிதமாக இறங்கியது.

"வண்டி நகர்ந்தா?" என்றான் ஆறுக்குட்டி.

"மண்டபம் வரைக்கும் தோண்டு!" என்றான் சென்னியப்பன்.

"பின்சக்கரமும் அதே பள்ளத்துல இறங்கிடுமே?"

நெடுநேர யோசனைக்குப் பின் தீர்ப்பானது: சென்னியப்பன் முன்னால் தோண்டுவான்; மயில்சாமி வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, பின்சக்கரம் வருவதற்குள் மூடிக்கொண்டே வருவான்; ஆறுக்குட்டி அளப்பான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. எட்டேமுக்காலுக்குப் பக்கத்து டீக்கடையைத் தாண்டியிருந்தது. மேளக்காரர்கள் கைவசமிருந்த பாட்டையெல்லாம் நாலு தடவை வாசித்து ஓய்ந்துவிட்டார்கள்.

மாமனார் தெய்வசிகாமணி மூச்சிரைக்க ஓடிவந்தார். "மாப்பிள்ளை, இறங்கி நடங்க!"

அளவுகோலோடு ஆறுக்குட்டி குறுக்கே பாய்ந்தான். "அதெப்படிங்க? அவர் இறங்கினா வண்டி அரை அங்குலம் ஏறிடுமுங்க!"

மாப்பிள்ளையும் பாவம், தலையாட்டினான். வேறு வழியில்லாமல் பெண்ணையும் ஐயரையும் நடுரோட்டுக்கே கூட்டிவந்தார் மாமனார். ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, பெண்ணைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, காருக்குள்ளேயே தாலி ஏறியது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

ஆறுக்குட்டி மட்டும் குனிந்து அளந்தான். முகம் செத்துப்போயிற்று.

"பொண்ணு ஏறினதுல அரை அங்குலம் கூட இறங்கிடுச்சுங்க. பள்ளத்தை ஒன்றரை அங்குலமாக்கி முதல்ல இருந்து வரணும். எல்லாரும் பின்னால தள்ளுங்க!"

தள்ளினார்கள், சம்பந்திகள் உட்பட. ஐயரும் ஒரு கை கொடுத்தார்.

ரோட்டை வெட்டியது யாரென்று பஞ்சாயத்தில் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் கேட்டாலும், சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, சாமி!