மூன்றாவது குழாய்

“இன்னும் எத்தனை மாசம் நான் குழாயே கழுவிக்கிட்டு இருக்கிறது, மாஸ்டர்?”

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. மாஸ்டருக்கு முப்பத்தாறு.

மாஸ்டரின் பெயர் பிலோமினா. புதுச்சேரியில் ‘உப்புக்காற்று’ என்ற கடையில் பியர் காய்ச்சுகிறவர். காய்ச்சுவதும் அங்கேயே, விற்பதும் அங்கேயே. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத் தொட்டிகள், முன்னால் மேடையில் ஐந்து குழாய்கள். அவ்வளவுதான் கடை.

தணிகாசலம் கடலூர்ப் பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபது வருஷம் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடையில் ஒரு கிளாஸ் குடித்தார். அடுத்த மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். காதல் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேறு வார்த்தை எனக்கும் கிடைக்கவில்லை.

வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பார்லி மூட்டை தூக்கியாயிற்று, தரை தேய்த்தாயிற்று, குழாய் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்தாயிற்று. ஒரு தொட்டியைத் தொட விட்டதில்லை.

குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். அதனால் இவர் அவரை மாஸ்டர் என்பார், அவர் இவரை சார் என்பார். கடையில் வேலை செய்பவர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

பிலோமினா தொட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“இது மாதிரி இந்த ஊர்ல எத்தனை கடை இருக்கு, சார்?”

“நம்மளைத் தவிர ஆறு.”

“ஆறுக்கும் போங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கிளாஸ் குடிங்க. வந்து சொல்லுங்க.”

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுதான் பரீட்சை என்று நினைத்தார். புது நோட்டு ஒன்று வாங்கினார்.

*

முதல் கடை கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, மொட்டைமாடியில். கடல் நன்றாகத் தெரியும். பியரின் குறை மட்டும்தான் அதைவிட நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒப்பித்தார். வெண்ணெய் வாடை அடிக்கிறது, நொதித்து முடிவதற்குள் அவசரப்பட்டுக் குளிர வைத்துவிட்டார்கள் என்றார்.

“குடிச்சீங்களா?” என்று கேட்டார் பிலோமினா.

“குடிச்சேனே.”

“யாரை நம்பி?”

தணிகாசலம் நோட்டைப் புரட்டினார். அதில் அது இல்லை.

“கடையை நம்பித்தான்.”

“சரி. அடுத்ததுக்குப் போய்ட்டு வாங்க.”

*

இரண்டாவது கடை, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றின் முற்றத்தில். அவித்த சோள வாடை. காய்ச்சும்போது மூடி வைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார்.

“யாரை நம்பிக் குடிச்சீங்க?”

இந்த முறை பதிலோடு வந்திருந்தார். “லைசென்ஸை நம்பி. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல.”

பிலோமினா தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று தணிகாசலத்துக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது கடைக்கு, “என் நாக்கை நம்பி” என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“நாக்குல பட்ட பிறகுதானே சார் நாக்கு சொல்லும்.”



*

நான்காவது கடை அரியாங்குப்பம் தாண்டி, தென்னந்தோப்புக்குள். அங்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் கடை மாஸ்டரை நம்பிக் குடித்தேன், அவர் ஜெர்மனியில் படித்தவர், பெரிய ஆள் என்றார்.

“அவரா உங்களுக்கு ஊத்தினார்?”

“இல்லை.”

“ஊத்தினது யாரு?”

ஆணா பெண்ணா என்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஐந்தாவது கடையில் ஊற்றுகிறவரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆறாவது கடைக்குப் போய்வந்த அன்று தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டை மேடைமேல் போட்டார்.

“யாரையும் நம்பலை, மாஸ்டர். வெயில், தாகம், குடிச்சேன்.”

பிலோமினா சிரித்துவிட்டார். அவர் சிரித்து இவர் பார்த்ததே அன்றுதான்.

ஆனால் தொட்டியைத் தொட விடவில்லை.

*

இதற்கிடையில் கோதண்டபாணி வந்து சேர்ந்தார். காலாப்பட்டுப் பக்கம் கடற்கரையோரமாகப் புதுக்கடை கட்டுகிறவர். தொட்டிகள் வந்திறங்கிவிட்டன, காய்ச்ச ஆள்தான் வேண்டும். தணிகாசலத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வயது இருக்கிறது, நிதானம் இருக்கிறது, ரசாயனம் தெரிகிறது.

“பிலோமினா மேடம் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லட்டும். கடை உங்க கையில,” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வருவதாக ஏற்பாடு. தணிகாசலத்தின் மனைவி அதற்குள் தன் அண்ணன் தம்பிகள் நாலு பேருக்கும் சொல்லியாகிவிட்டது. இருந்த வேலையை விட்டுவிட்டு ஊரார் குடித்த கிளாஸைக் கழுவுகிறார் என்று பேசிய வாய்கள் அவை. இந்த வேலையும் கை நழுவினால் அந்த வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு முகம் காட்ட முடியாது.

*

வெள்ளிக்கிழமை காலை. தணிகாசலம் குழாய் கழுவினார்.

குழாய் கழுவுவது என்றால் சும்மா தண்ணீர் விடுவதல்ல. முதலில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைக் குழாய்க்குள் நிரப்பி, கால் மணி நேரம் ஊற விட வேண்டும். உள்ளே படிந்த அழுக்கையெல்லாம் அது அரித்துவிடும். குடித்தால் தொண்டையையும் அரித்துவிடும். ஆகவே பிறகு நல்ல தண்ணீரை விட்டு அலச வேண்டும். கடைசியாக வரும் தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். நீலமாக மாறினால் காஸ்டிக் இன்னும் உள்ளே இருக்கிறது. நிறம் மாறாவிட்டால், சுவரில் இருக்கும் கரும்பலகையில் அந்தக் குழாய்க்கு ஒரு கோடு.

ஒரு குழாய், ஒரு பட்டை, ஒரு கோடு. அதன் பிறகுதான் பியரை இணைப்பது. பிலோமினாவின் கடையில் இந்த வரிசை மாறக் கூடாது.

அவர் மூன்றாவது குழாயில் இருந்தபோது கார் வந்து நின்றது. கோதண்டபாணி முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். உட்கார வைத்தார், மின்விசிறியைப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், புதுக்கடையின் கூரை ஓடா தகரமா என்று விசாரித்தார். திரும்பி வந்து நான்காவது குழாயை அலசினார். ஐந்தாவதையும் அலசினார். விருந்தாளி பார்க்கும்போது பலகை அரைகுறையாக இருந்தால் நன்றாக இருக்காது என்று மீதி மூன்று கோட்டையும் ஒரே மூச்சில் போட்டார். பியரை இணைத்தார்.

குளிர் அறையிலிருந்து பிலோமினா வந்தார். கோதண்டபாணிக்கு வணக்கம் சொன்னார். பலகையைப் பார்த்தார்.

“எல்லாம் ஆச்சா, சார்?”

“ஆச்சு, மாஸ்டர்.”

கணீரென்று சொன்னார். விருந்தாளிக்கும் கேட்க வேண்டுமே.

*

கருப்புக்கவுனி அரிசி போட்ட பியரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அதையே பார்க்கலாம் என்றார் கோதண்டபாணி.

அது மூன்றாவது குழாய்.

தணிகாசலம் ஊற்றினார். கருப்பாக இறங்கியது, மேலே நுரை கட்டியது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கருப்பில் எதைக் கலந்தாலும் தெரியாது.

நாளின் முதல் வாய் மாஸ்டருடையது. தான் குடித்துப் பார்க்காமல் எந்தக் குழாயிலிருந்தும் வந்தவர்களுக்குக் கொடுக்கமாட்டார். பிலோமினா கிளாஸை எடுத்துக்கொண்டார்.

தணிகாசலம் சும்மா ஏப்ரன் பைக்குள் கை விட்டார். நனைத்துப் பார்த்த பட்டைகளை அங்கேதான் திணித்து வைப்பது. கை பாட்டுக்கு எண்ணியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மறுபடி எண்ணினார். நான்கு.

ஒன்று கீழே விழுந்திருக்கலாம். கழுவுதொட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒருவேளை கிழிக்கவே இல்லையோ? கார் வந்தபோது மூன்றாவது குழாயில் ஓடிக்கொண்டிருந்தது காஸ்டிக்கா நல்ல தண்ணீரா? யோசித்தார். கூரை ஓடா தகரமா என்று தான் கேட்டது மட்டும் நினைவுக்கு வந்தது.

பிலோமினா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கோதண்டபாணியிடம் அரிசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை மணி நேரம் ஊற வைப்பது, எங்கிருந்து வருகிறது. பேசும்போது கிளாஸ் மேலே போகும், கீழே வரும்.

“மாஸ்டர்.”

“என்ன சார்?”

கோதண்டபாணி அவரைப் பார்த்தார். நாலு மச்சான்களும் அவரைப் பார்ப்பது போலிருந்தது.

“ஒண்ணுமில்லை,” என்றார்.

கழுவியிருப்பேன், இருபது வருஷம் சோதனைக்கூடத்தில் பழகிய கை தப்பு செய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏப்ரனுக்குள் விரல்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் இன்னொரு வார்த்தை கிடைக்காது.

பிலோமினா பேசி முடித்தார். கிளாஸை உயர்த்தினார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆச்சு என்று இவர் சொல்லியிருந்தாரே. விளிம்பு உதட்டுக்கு வந்தது.

தணிகாசலம் தட்டிவிட்டார்.

*

கிளாஸ் சுவரில் மோதி உடைந்தது. பிலோமினாவின் கன்னத்திலும் சட்டையிலும் நுரை தெறித்தது. மேடைமேல் ஒரு கை அகலத்துக்குப் பியர் தேங்கி நின்றது.

“என்னய்யா இது?” என்று எழுந்துவிட்டார் கோதண்டபாணி.

“மூணாவது குழாயை அலசினேனான்னு எனக்குத் தெரியலை,” என்றார் தணிகாசலம். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “ஆச்சுன்னு சொல்லிட்டேன். தெரியலை.”

பிலோமினா போய் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றார்.

கோதண்டபாணி கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் சமாதானமானார்.

“சரி விடுங்க. அதுக்குத்தான் பேப்பர் இருக்குல்ல. இந்தா தேங்கி நிக்குது. தொட்டுப் பாருங்க. நிறம் மாறலைன்னா ஒண்ணுமே நடக்கலை. நாம காலாப்பட்டுக்குக் கிளம்பிடலாம்.”

தணிகாசலம் பட்டைப் புத்தகத்தை எடுத்தார். ஒன்றைக் கிழித்தார். தேங்கி நின்ற பியருக்கு மேலே கொண்டுபோனார்.

மாறாது, மாறவே மாறாது என்று உள்ளே ஒரு குரல் அடித்துச் சொன்னது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். கால் மணி நேரத்துக்கு முன் ஆச்சு என்று சொன்னதும் அதுதான்.

பிலோமினாவை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை.

பட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

துணி எடுத்து மேடையைத் துடைத்தார். துணியை அலசிப் பிழிந்து மறுபடி துடைத்தார். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி எடுத்தார். மூன்றாவது குழாயைத் திறந்து உள்ளே இருந்த பியர் முழுவதையும் சாக்கடையில் விட்டார். பிறகு பலகைக்குப் போய், ஐந்து கோட்டையும் அழித்தார்.

கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. “டெஸ்ட் பண்ணலையா?”

“வேணாங்க. சுத்தமா இருந்திருந்தாலும் நான் சொன்னது பொய்தான்.”

சொல்லிவிட்டு முதல் குழாயிலிருந்து காஸ்டிக்கை நிரப்ப ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்ததை யாருக்கும் காட்டாமல் தோளில் துடைத்துக்கொண்டார். போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கோதண்டபாணி கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தை கேட்கலாம்னு வந்தேன், மேடம். இனி அதுக்கு வேலை இல்லைன்னு நினைக்கிறேன்.”

“இருக்கு,” என்றார் பிலோமினா. “கேட்டுட்டுப் போங்க.”

கோதண்டபாணி நின்றார்.

“இவர் ஊத்திக் குடுத்தா, நான் கண்ணை மூடிக்கிட்டுக் குடிப்பேன்.”