நிழல்லயே வளந்த பவுனு

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. மரகதம்னு பேரு. அந்த ஊர்ல மழைக்குப் பஞ்சம், தண்ணிக்குப் பஞ்சம். வெயிலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. சுள்ளுன்னு அடிக்கும். ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

மரகதம் நல்ல கறுப்பு. பொண்ணு பாக்க வந்தவங்க மூணு தடவை பஜ்ஜியத் தின்னுட்டு, "பொண்ணு நிறம் கம்மி"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. தின்ன பஜ்ஜிக்காவது வாய மூடிக்கிட்டுப் போயிருக்கலாம். பாவம், அவ அடுப்படில உக்காந்து விசும்பி விசும்பி அழுதா. அப்புறம் செல்லையா வந்து கட்டிக்கிட்டான். ஒரு பொண்ணு பொறந்துச்சு, அப்பன மாதிரியே செவப்பா. பவுனுன்னு பேரு வச்சாங்க.

அப்போ மரகதம் முடிவு பண்ணிட்டா. 'எம்மவளப் பாத்து ஒருத்தரும் அந்தச் சொல்லு சொல்லக் கூடாது.' அந்த ஊர்ல பச்சப்புள்ளைக்கு எண்ணெய் தடவி வெயில்ல போடுவாங்க. இவ போடல. வாசல்ல சாக்கக் கட்டித் தொங்கவிட்டு, நிழல்லயே வளத்தா.

தூங்கிட்டியா? ம்.

ரெண்டு வயசாச்சு. மத்த புள்ளைங்க தடதடன்னு ஓடுதுங்க. பவுனு செவத்தப் புடிச்சு எந்திரிப்பா, பொத்துன்னு உக்காந்துருவா. செல்லையாவோட அக்கா நாச்சியார் வந்து பாத்துட்டு, "புள்ளைய வெயில்ல விடு, மரகதம்"னு சொன்னா. "சரி மதினி"ன்னா இவ. மொதல்ல, மூடின கண்ணாடி ஜன்னலுக்கு உள்ள உக்கார வச்சா. எந்திரிச்சா, பொத்து. அப்புறம் முழுக்கைச் சட்டை போட்டு, குடையப் புடிச்சு வெளிய கொண்டு போனா. பொத்து. அப்புறம் பொழுது சாஞ்ச பின்னாடி வாசல்ல விட்டா. அப்பவும் பொத்து. காலு ரெண்டும் வில்லா வளைஞ்சு போச்சு.

அப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. டாக்டரம்மா காலத் தடவிப் பாத்தாங்க.

"பாலு குடுக்குறியா?"

"நெறைய குடுக்குறேன்."

"பால்ல இருக்குற சுண்ணாம்புச் சத்து எலும்புல சேர வைட்டமின் டி வேணும். மேல வெயில் பட்டாத்தான் உடம்பு அத உண்டாக்கும். கண்ணாடி வழியா வர்றது வெறும் சூடு. மீனு, முட்டை மஞ்சக்கருவுல கொஞ்சம் இருக்கு, அது மட்டும் பத்தாது. சொட்டு மருந்து தாரேன், சொன்ன அளவுக்கு மேல குடுக்காத. தெனமும் கொஞ்ச நேரம் வெயில்ல வெளையாட விடு."

"கறுத்துருவாளே, டாக்டர்."

டாக்டரம்மா அந்த வளைஞ்ச காலத் தொட்டுக் காட்டினாங்க. "இப்படியே விட்டா நடக்க மாட்டாம்மா"ன்னாங்க.

மறுநாள் வெயில் நல்லா ஏறினதும், மரகதம் புள்ளையோட சட்டையக் கழட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. தரையில எறக்கி விட மனசு வரல. அப்புறம் கண்ண மூடிக்கிட்டு எறக்கி விட்டுட்டா. மேலு சூடேறிச் செவக்குறதுக்கு முன்னால தூக்கிட்டு வந்துட்டா. அப்படியே தெனமும். சொட்டு மருந்து, முட்டை, மத்தி மீன் கொழம்பு. மாசம் போச்சு. குளிப்பாட்டும்போது பவுனோட கையப் பாத்தா, அம்மாவோட நிறத்துக்கு வந்துருச்சு. மரகதம் உக்காந்து அழுதா. மறுநாளும் தூக்கிட்டுத்தான் போனா.

ம்... இன்னும் கொஞ்சந்தான்.

ஒரு நாளு பவுனு செவத்த விட்டா. ஒரு அடி, நின்னா. இன்னொரு அடி, ஆடினா. அப்புறம் தத்தக்கா பித்தக்கான்னு தெருவுக்கே போயிட்டா. பின்னாடியே மரகதம் ஓடினா. எதிர்வீட்டு ராசம்மா பாத்துட்டு, "என்னடி, புள்ளை இப்படிக் கறுத்துட்டா"ன்னா.

இத்தன வருசமா மரகதம் பயந்த சொல்லு அதுதான். அது வந்தே வந்துருச்சு. ஆனா வலிக்கல.

"ஆமாக்கா, என் நிறம். நடக்குறா பாருங்க"ன்னா.

பவுனும் வீடு வந்து சேந்துட்டா, கதையும் வந்து சேந்துருச்சு. கண்ண மூடு, சாமி.